கரண்டுக் கம்பம் எட்டாத நிலத்துக்குச் சோலார் பேட்டரி: வாங்குமுன் கணக்கு, வாங்கியபின் கவனிப்பு

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற டவுனிலிருந்து செம்பனைக்குள் கொஞ்ச தூரம் காடியை (காரை) விட்டால் போதும், டி.என்.பி. என்ற மின்சாரக் கம்பெனியின் கம்பம் எங்கோ ஓரிடத்தில் நின்றுவிடும். அதற்கு அப்பால் ஆட்டுக் கொட்டகை இருக்கும், டுரியான் டுசுன் (பழத்தோட்டம்) இருக்கும், லயம் என்ற தொழிலாளர் வீட்டு வரிசை காலியானபின் தனியாக நிற்கும் தோட்டத்துக் கோயில் இருக்கும். அப்படியோர் இடத்துக்கு முதன்முறையாகச் சோலார் போடப் போகிறவர்களுக்காக எழுதியது இது.

பேனல் சுலபத்தில் கெடாது. பேட்டரிக் கரண்டை 230 வோல்ட்டாக மாற்றும் இன்வெர்ட்டரும் சில வருடம் தாங்கும். முதலில் சாவது பேட்டரிதான், அதுவும் பெரும்பாலும் இரண்டே வருடத்தில். மட்டமான சரக்கு என்று எல்லோரும் கடைக்காரரைத் திட்டுகிறார்கள். ஆனால் நம் ஊரில் பேட்டரியைக் கொல்வது பிற்பகல் மழை. மூன்று மணிக்கு வானம் இருண்டால் அன்றைக்கு பேட்டரி நிறையாமலே ராத்திரிக்குப் போகிறது. வாரக்கணக்கில் இப்படியே போனால் எந்த ஈய பேட்டரியும் தாங்காது. கீழே வரும் கணக்குகளும் செட்டிங்குகளும் பேட்டரியை மழைக்கு முன்பே நிறைப்பதற்கான வழிகள்.

1. கம்பத்தையும் கடிதத்தையும் முதலில் முடியுங்கள்

உங்கள் நிலத்துக்குப் பக்கத்தில் கம்பம் இருந்தால், சோலாருக்குப் பணம் ஒதுக்குமுன் டி.என்.பி. கிளையில் இணைப்புச் செலவு என்ன என்று கேளுங்கள். ஓரிரு கம்பம் போட்டால் முடிகிற வேலை என்றால், பத்து வருடக் கணக்கில் கம்பம்தான் மலிவு. ஆளில்லாத காட்டுக்குள் வெகுதூரம் இழுக்க வேண்டியிருந்தால்தான் பேட்டரிப் பேச்சு.

நிலம் உங்கள் பெயரில் இல்லாவிட்டால் அனுமதிக் கடிதம் வாங்குங்கள். தோட்டத்து வீடு, கோயில், கொட்டகை எதுவானாலும் நிலம் கம்பெனியுடையதாகத்தான் இருக்கும். “போட்டுக்கோங்க” என்று மேனேஜர் வாயால் சொன்னதை, அவர் மாற்றலாகிப் போனபின் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கூரையில் பேனல், சுவரோரம் பேட்டரிப் பெட்டி, எர்த் கம்பி என்று பொருள்வாரியாக எழுதி, காலிசெய்யும் நாளில் இவையெல்லாம் உங்களுக்கே சொந்தம் என்ற ஒரு வரியையும் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். கோயில் என்றால் நிர்வாகக் கூட்டக் குறிப்பிலும் பதிவாக வேண்டும். கடிதம் கைக்கு வர இரண்டு மூன்று வாரம் ஆகலாம். அதற்குள் சாமான் வாங்கிக் குவிக்காதீர்கள்.

230 வோல்ட் வயரிங்கை எரிசக்தி ஆணையத்தில், அதாவது சுருஹான்ஜாயா தெனாகாவில், பதிவுபெற்ற வயர்மேனிடம் கொடுங்கள். அவருடைய சான்றிதழின் நகல் ஒன்று உங்கள் கோப்பில் இருக்கட்டும்.

வேலை தொடங்கும் மாதத்தையும் யோசியுங்கள். தீபாவளிக்குள் விளக்கு எரிய வேண்டும் என்று பலர் அக்டோபரில் வாங்குகிறார்கள். மேற்குக் கரையில் மழை கொட்டுவதே அக்டோபர், நவம்பரில்தான். புது பேட்டரி முதல் மாதத்திலேயே பட்டினி கிடக்கும். ஜனவரி, பிப்ரவரி அல்லது ஜூன், ஜூலை நல்லது.

2. என்ன எரிகிறது என்று எழுதுங்கள்

“நாலு லைட்டு, ஒரு பேன், எத்தனை பேட்டரி வேணும்?” என்று கடையில் கேட்டால், கடையில் எது இருக்கிறதோ அதுதான் பதிலாக வரும். கணக்கை வீட்டிலேயே போட்டுவிட்டுப் போங்கள். சாமானின் வாட்டை அது ஓடும் மணி நேரத்தால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். ஒரு சாதாரணக் கொட்டகையை எடுத்துக்கொள்வோம்.

எல்.இ.டி. விளக்கு 9 வாட், நான்கு, 5 மணி நேரம்: 180
சுவர் மின்விசிறி 50 வாட், 8 மணி நேரம்: 400
கைத்தொலைபேசி இரண்டு: 30
கேமராவும் இன்டர்நெட் ரூட்டரும் சேர்த்து 12 வாட், 24 மணி நேரம்: 288

மொத்தம் 898 வாட்-மணி. இன்வெர்ட்டர் வழியாகப் போகும்போது 15 சதவீதம் வீணாகும் என்று வைத்தால் 1,056. பலரும் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். விட்டுப்போவது இன்வெர்ட்டரே குடிக்கிற கரண்டு. எதுவும் ஓடாதபோதும் அது சும்மா 15 வாட் தின்னும். பெரிய இன்வெர்ட்டர் இன்னும் அதிகம் தின்னும். 15 வாட் 24 மணி நேரத்துக்கு 360. ஆக உண்மையான கணக்கு 1,416.

இதைக் குறைக்க வழி உண்டு. கேமராவும் ரூட்டரும் பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடுபவை. பேட்டரியின் 24 வோல்ட்டை 230 ஆக ஏற்றி, அடாப்டரில் திரும்ப 12 ஆக இறக்குவது வீண். பேட்டரியிலிருந்து நேராக 24-லிருந்து 12 வோல்ட்டுக்கு மாற்றும் சின்ன கன்வெர்ட்டர் ஒன்றைப் போட்டு அவற்றை ஓட்டுங்கள். இன்வெர்ட்டரை மாலையில் போட்டு, பத்து மணி நேரம் மட்டும் ஓடவிடுங்கள். இப்போது கன்வெர்ட்டர் நட்டத்தோடு கேமராவுக்கும் ரூட்டருக்கும் 320, விளக்கு, மின்விசிறி, தொலைபேசிக்கு 718, இன்வெர்ட்டர் சும்மா தின்பது 150. கூட்டினால் 1,188. ஒரு நாளில் 228 வாட்-மணி மிச்சம். இரண்டு நாள் சேமிப்பும் ஈய பேட்டரியும் என்று பார்த்தால், கிட்டத்தட்ட 900 வாட்-மணி பேட்டரியை வாங்காமலே தப்பிக்கிறீர்கள். ஒரு சின்ன கன்வெர்ட்டர் செய்கிற வேலை இது.

குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர் பம்ப் இருந்தால் கணக்கு வேறு. மோட்டார் கிளம்பும் கணத்தில் ஓட்ட வாட்டைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். அரைக் குதிரைத்திறன் பம்ப் தயங்கித் தயங்கி நின்றால், பல நேரம் குற்றம் இன்வெர்ட்டரின் அளவில்தான் இருக்கும். பம்பைப் பகல் 12 மணிக்கு மேல், வெயிலில் மட்டும் ஓட்டித் தொட்டியில் தண்ணீரை நிறைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியில் சேமிப்பதைவிடத் தொட்டியில் சேமிப்பது மலிவு.

கோயிலில் திருவிழா மூன்று நாள் ஒலிபெருக்கி, சரவிளக்கு எல்லாம் இந்தக் கணக்கில் வேண்டாம். அதற்கு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுங்கள். வருடத்தில் மூன்று நாளுக்காக மற்ற 362 நாளும் சும்மா கிடக்கும் பேட்டரி வாங்க வேண்டியதில்லை.

3. பேட்டரியும் பேனலும் எவ்வளவு

ஒரு நாளைக்கு 1,200 வாட்-மணி என்று முழுமையாக்குவோம். வெயில் இல்லாத இரண்டு நாளுக்குத் தாங்க 2,400.

ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது. ஆகவே 4,800 வாட்-மணி வேண்டும்: 24 வோல்ட், 200 ஆம்பியர்-மணி (வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வாட்-மணி). 12 வோல்ட் 200 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டைத் தொடராக, ஒன்றின் கூட்டல் முனையை மற்றதன் கழித்தல் முனையோடு, இணைத்தால் வரும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை 80 சதவீதம்வரை தாராளமாக எடுக்கலாம். 3,000 வாட்-மணி போதும். கடையில் கிடைக்கும் அளவு 25.6 வோல்ட் 100 ஆம்பியர்-மணி, அதாவது 2,560. அதில் 80 சதவீதம் 2,048. இரண்டு நாளுக்குப் பதில் ஒன்றே முக்கால் நாள் வரும். மழை நாளில் மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்கச் சம்மதம் என்றால் இதுவே போதும்.

12 வோல்ட் அமைப்பில் தொடங்காதீர்கள். 1,000 வாட் இழுத்தால் 12 வோல்ட்டில் கம்பியில் ஓடுவது சுமார் 98 ஆம்பியர், 24-இல் 49, 48-இல் 25. ஆம்பியர் கூடக்கூட கேபிள் தடிக்கும், முனை சூடாகும். கொட்டகைக்கு 24 வோல்ட் போதும். 3,000 வாட்டுக்கு மேல் போகிற வீடானால் 48.

பேனலுக்கு நம் வட்டாரத்தில் முழு வெயில் நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் என்று கணக்கிடுங்கள். கடைக்காரர் ஐந்தரை என்று சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். தூசி, சூடு, கேபிள் நட்டத்துக்கு 30 சதவீதம் கழித்தால், 1,200 வாட்-மணிக்கு 430 வாட் பேனல் வருகிறது. ஈய பேட்டரிக்கு அது போதாது. 200 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி நன்றாக நிறைய அதன் பத்தில் ஒரு பங்கு, 20 ஆம்பியராவது ஏற வேண்டும். ஏற்றும்போது இருக்கும் 28 வோல்ட்டில் அது 560 வாட். 600 வாட்டாகப் போடுங்கள்.

அந்த 600 வாட் நம் வானத்தில் என்ன செய்யும் என்று பாருங்கள். காலை 8 முதல் 12 வரை சராசரியாகப் பாதி, 300 வாட் வந்தால், முந்தைய இரவு எடுத்த 1,200 வாட்-மணி நண்பகலில் திரும்பி வந்துவிடும். ஈய பேட்டரி ஏற்றும்போதே 15, 20 சதவீதத்தைச் சூடாக வீணாக்கும், அதனால் ஒரு மணியை நெருங்கும். அதற்குப் பிறகுதான் கடைசிப் பகுதி மெல்ல மெல்ல நிறைகிற நேரம், இரண்டு முதல் நான்கு மணி நேரம் பிடிக்கும். மூன்று மணி மழைக்கு முன் இந்த நேரம் கிடைத்தாக வேண்டும். அதனால்தான் பேனல் முகத்தைக் கொஞ்சம் கிழக்குப் பக்கம் திருப்பச் சொல்கிறேன். காலை வெயில்தான் நம்பத் தகுந்த வெயில். சாய்வு 10 முதல் 15 பாகை இருந்தால் மழையே தூசியைக் கழுவிவிடும். 2015, 2019 மாதிரி புகைமூட்டம் வரும் வருடத்தில் பேனலை வாரம் ஒருமுறை துணியால் கழுவுங்கள்.

4. ஈயமா, லித்தியமா

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தினமும் ஆள் தங்காத இடத்துக்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட். தினமும் ஆள் இருந்து, கையில் காசு குறைவாக இருந்து, தண்ணீர் பார்த்து ஊற்றப் பொறுமையும் இருந்தால், தண்ணீர் ஊற்றும் ஈய பேட்டரி. மூடிய ஏ.ஜி.எம். வகை நடுவில் நிற்கிறது. தண்ணீர் வேலை இல்லை, ஆனால் பட்டினி போட்டால் அதுவும் சாகும், ஒருமுறை காய்ந்துவிட்டால் காப்பாற்ற வழியும் இல்லை.

காரணம் மழைதான். ஈய பேட்டரி வாரத்துக்கு ஒருமுறையாவது நூறு சதவீதம் நிறைய வேண்டும். நிறையாவிட்டால் தட்டில் சல்பேட் படிந்து கல்லாகிவிடும். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்குப் பாதியில் நிற்பது ஒரு பொருட்டே இல்லை. எழுபது சதவீதத்தில் நாள்கணக்காக நின்றாலும் அதற்குக் கேடில்லை.

விலையை ஒப்பிடும்போது சீட்டில் உள்ள தொகையை மட்டும் பார்க்காதீர்கள். உதாரணத்துக்கு, 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி 600 வெள்ளி (ரிங்கிட்), அதே அளவு லித்தியம் 1,200 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஈயத்தில் ஒவ்வொரு முறையும் 0.6 யூனிட் எடுக்கலாம் (ஒரு யூனிட் என்பது 1,000 வாட்-மணி). 600 முறை தாங்கினால் 360 யூனிட், யூனிட்டுக்கு 1 வெள்ளி 67 சென். லித்தியத்தில் 1.024 யூனிட் வீதம் 3,000 முறை என்றால் 3,072 யூனிட், யூனிட்டுக்கு 39 சென். கடையில் சொல்கிற விலையை இதே கணக்கில் போட்டுப் பாருங்கள். எத்தனை முறை தாங்கும், எத்தனை சதவீதம் இறக்கினால் அத்தனை முறை என்ற இரண்டையும் தயாரிப்பாளரின் விவரத்தாளில் பார்த்து எடுங்கள். இரண்டாவது எண்ணைச் சொல்லாமல் முதல் எண்ணை மட்டும் சொல்வது விளம்பரம்.

வாங்கக்கூடாத மூன்று:

காடி பேட்டரி. இன்ஜினைக் கிளப்ப ஒரு கணம் பெரிய கரண்டு கொடுக்க மெல்லிய தட்டுகளால் ஆனது. ராத்திரி முழுக்க மெல்ல இறக்கி ஏற்றினால் சில மாதங்களில் வீங்கி உதிரும்.

லோரி பேட்டரி. என்120, என்150 என்று தோட்டப்புறத்தில் சுலபமாகக் கிடைப்பதால் ஆசை வரும். காடி பேட்டரியைவிடக் கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான். அதுவும் கிளப்புவதற்கான பேட்டரியே.

கழற்றி விற்கும் பழைய யு.பி.எஸ்., டவர் பேட்டரி. மீட்டரில் 12.7 காட்டும். விளக்கைப் போட்ட அரை மணியில் 11-க்கு வந்து நிற்கும்.

5. கடையில் கையோடு சோதிப்பவை

எடை பாருங்கள். 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி 28, 30 கிலோ இருக்கும். 25-க்குக் கீழே என்றால் உள்ளே ஈயம் குறைவு. அதே அளவு லித்தியத்தில் செல் ஒன்று சுமார் இரண்டு கிலோ, நான்கு செல், பெட்டியோடு பத்து பதினோரு கிலோ வரும். ஏழு கிலோவில் 100 என்று அச்சடித்திருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

மீட்டர் கொண்டு போங்கள். சும்மா கிடக்கும் புது ஈய பேட்டரி 12.6-க்கு மேல் காட்ட வேண்டும், ஏ.ஜி.எம். 12.7-க்கு மேல். 12.4-க்குக் கீழ் என்றால் மாதக்கணக்காக ஏற்றாமல் அலமாரியில் கிடந்த சரக்கு, சல்பேட் ஏற்கனவே தொடங்கியாயிற்று. தயாரிப்புத் தேதிக் குறியீட்டைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு வாங்கினால் இரண்டும் ஒரே மாதச் சரக்காக இருக்க வேண்டும்.

லித்தியத்தில் செல் ஒன்றுக்கு 3.2 வோல்ட் என்று இருக்கிறதா பாருங்கள். 3.7 என்று போட்டிருந்தால் அது வேறு ரசாயனம், சூடு தாங்குவதும் குறைவு. கொட்டகைக்கு அது வேண்டாம். உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். காவல் பலகை எத்தனை ஆம்பியர் தாங்கும், இரண்டைத் தொடராக இணைக்க அது அனுமதிக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். அனுமதி இல்லாத இரண்டைத் தொடராகப் போட்டால், ஒன்று அறுந்துகொள்ளும்போது முழு வோல்ட்டும் அந்தப் பலகைமேல் விழுந்து எரியும்.

ரசீதில் சீரியல் எண் எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உத்தரவாத அட்டை வெறும் அட்டைதான். ஆன்லைனில் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: கெட்டுப்போனால் திருப்பி அனுப்பும் கூலி யாருடையது? முப்பது கிலோ பேட்டரிக்கு அந்தக் கூலியே உத்தரவாதத்தை விழுங்கிவிடும். ஈப்போவில் நேரில் போய்ச் சண்டை போடக்கூடிய கடையில் ஐம்பது வெள்ளி கூடக் கொடுத்து வாங்குவது எவ்வளவோ மேல்.

திருப்பித் தரும் கெடு முடியுமுன் ஒரு சோதனை. லித்தியத்தை முழுக்க ஏற்றி, கரண்டை எண்ணும் ஷன்ட் மீட்டர் ஒன்றைப் பொருத்தி, 20 ஆம்பியர் இழுக்கும் சுமையைப் போடுங்கள். 100 ஆம்பியர்-மணி என்றால் ஐந்து மணி நேரம் ஓட வேண்டும். நான்கில் நின்றால், மீட்டரைப் படம் எடுத்து அனுப்பி மாற்றிக் கேளுங்கள்.

6. வைக்கும் இடம்

தகரக் கூரைக்கு நேர்கீழே வைக்காதீர்கள். ஒவ்வொரு பத்து பாகைச் சூட்டுக்கும் ஈய பேட்டரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். கட்டடத்தின் வடக்கு அல்லது கிழக்குப் பக்கச் சுவரோரம், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், வெள்ளம் எட்டாத மேடையில் வையுங்கள். பேட்டரிகளுக்கிடையே விரல் நுழையும் இடைவெளி இருக்கட்டும்.

தண்ணீர் ஊற்றும் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும். காற்றில் நான்கு சதவீதம் சேர்ந்தாலே தீப்பொறிக்குப் பற்றிக்கொள்ளும். கோயில்களில் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். இடம் இல்லையென்று கருவறைக்குப் பின்னால் இருக்கும் சாமான் அறையில் பேட்டரியை வைத்துப் பூட்டுகிறார்கள். அதே அறையில்தான் சூடம், எண்ணெய், தீப்பெட்டி. பக்கத்தில் அணையா விளக்கு. தயவுசெய்து பேட்டரிக்கு வெளியே தனிப் பெட்டி கட்டுங்கள். மேலும் கீழும் காற்றுத் துளை இருக்கட்டும். அந்தத் துளைகளுக்குக் கொசுவலை அடியுங்கள். பல்லி உள்ளே புகுவதும், பேனல் கரண்டைப் பேட்டரிக்கு அளந்து ஏற்றும் சார்ஜருக்குள் எறும்பு கூடு கட்டுவதும், எலி கேபிளைக் கடிப்பதும் தோட்டத்தில் சாதாரணமாக நடப்பவை.

7. இணைப்பு

வேலைக்கு முன் மோதிரம், காப்பு, கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். ஸ்பேனரின் கைப்பிடியை இன்சுலேஷன் டேப்பால் சுற்றுங்கள். 24 வோல்ட் ஷாக் அடிக்காது என்று அலட்சியம் வேண்டாம். மோதிரம் வழியாகப் போகிற கரண்டு விரலைச் சுட்டுவிடும்.

பேட்டரியை முதலில் சார்ஜரில் இணைத்து, அதற்குப் பிறகு பேனலை இணையுங்கள். கழற்றும்போது பேனல் முதலில். இது தலைகீழானால் பல சார்ஜர்கள் அந்த இடத்திலேயே போய்விடும்.

பேட்டரியின் கூட்டல் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருக்க வேண்டும். 1,000 வாட் 24 வோல்ட் இன்வெர்ட்டருக்கு 25 சதுர மில்லிமீட்டர் கேபிள், ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளாமல், 80 ஆம்பியர் பியூஸ். லித்தியத்துக்கு ‘கிளாஸ் டி’ (Class T) பியூஸ் வாங்குங்கள். குறுக்கிணைப்பு நடந்தால் லித்தியம் கொட்டுகிற கரண்டைச் சாதாரண பியூஸ் வெட்டமுடியாமல் தீப்பொறியாகவே நிற்கும். வீட்டின் 230 வோல்ட் ஏ.சி. பிரேக்கரை பேட்டரி, பேனல் இருக்கும் டி.சி. பக்கத்தில் போடவே கூடாது, அதே காரணத்துக்காக.

இரண்டு வரிசை பேட்டரியைப் பக்கத்தில் பக்கமாக, கூட்டலோடு கூட்டல், கழித்தலோடு கழித்தல் என்று இணைத்தால், கூட்டல் கேபிளை முதல் வரிசையிலிருந்தும் கழித்தல் கேபிளைக் கடைசி வரிசையிலிருந்தும் எடுங்கள். இரண்டையும் ஒரே பக்கம் எடுத்தால் அந்த வரிசை மட்டும் உழைத்து முதலில் சாகும். இரண்டு வரிசைக்கு மேல் வேண்டாம். லித்தியத்தைத் தொடராக்குமுன் ஒவ்வொன்றையும் தனித்தனியே முழுக்க ஏற்றுங்கள்.

எல்லாம் முடிந்ததும் அரை மணி முழுச் சுமை கொடுத்து, கேபிள் முனைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுடுகிறதென்றால் அதன் கிரிம்ப், அதாவது கேபிள் நுனியில் லக் என்ற உலோக முனையை நசுக்கிப் பிடித்த பிடி, சரியில்லை. சுத்தியலால் நசுக்கிய லக்கை வெட்டி எறிந்து, ஹைட்ராலிக் கிரிம்பர் உள்ளவரிடம் கொடுத்து மறுபடி போடுங்கள்.

இடி, மின்னல் நம் ஊரில் விளையாட்டு இல்லை. பேனல் பக்கம் டி.சி. சர்ஜ் காப்பு, எர்த் கம்பி இரண்டும் வேண்டும். டி.என்.பி. கரண்டும் இருக்கிற கட்டடமானால் இன்வெர்ட்டரின் வயரைச் சுவர் பிளக்கில் சொருகி வீட்டுக்கு ஏற்றுவது ஆளைக் கொல்லும். இரண்டும் ஒரே நேரத்தில் சேராதபடி சேஞ்ச்-ஓவர் சுவிட்ச்சை வயர்மேன் போட வேண்டும்.

8. செட்டிங்: பெட்டியில் வந்தபடி விடாதீர்கள்

24 வோல்ட்டுக்கு நான் எழுதுகிற எண்கள் பொதுவானவை. உங்கள் பேட்டரியின் விவரத்தாளில் வேறு எண் இருந்தால் அதையே வையுங்கள்.

தண்ணீர் ஊற்றும் ஈயம்: ஏற்றும் வோல்ட் 28.8 முதல் 29.6, நிறைந்தபின் நிறுத்தி வைக்கும் வோல்ட் 27. ஏ.ஜி.எம்.: ஏற்றம் 28.8. இவை 25 பாகைக்கான எண்கள். 33 பாகை அறையில் சுமார் 0.4 குறைய வேண்டும், 28.8 என்பது 28.4 ஆகும். சார்ஜரின் வெப்ப உணரியைப் பேட்டரிமேல் ஒட்டினால் அதுவே குறைத்துக்கொள்ளும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட், எட்டு செல்: ஏற்றம் 28.0 முதல் 28.4, நிறுத்தி வைப்பது 27. ஈய செல்களைச் சமமாக்க அதிக வோல்ட்டில் ஏற்றுகிற, சமன்செய்யும் சார்ஜ் என்ற பகுதியை முழுதாக அணைத்துவிடுங்கள். வெப்பத் திருத்தம் சுழியம். இதை மறந்தால் ஈய பேட்டரிக்கான 30, 31 வோல்ட் மாதாமாதம் லித்தியத்துக்குப் போய், பி.எம்.எஸ். வெட்டி, ராத்திரி ஏன் இருட்டு என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

இன்வெர்ட்டர் நிற்கும் வோல்ட்டையும் பாருங்கள். பல இன்வெர்ட்டர்கள் 21 வோல்ட்டில்தான் நிற்கும்படி வருகின்றன. அங்கே போகுமுன் ஈய பேட்டரி முழுக்கக் காலி. அதை 24-க்குப் பக்கத்தில் ஏற்றி வையுங்கள். செட்டிங் மாற்றவே முடியாத இன்வெர்ட்டரானால் தனியே ஒரு குறைவோல்ட் வெட்டி வாங்கிப் போடுங்கள்.

9. கவனிப்பு: காலை ஏழு மணி நோட்டு

வெயில் ஏறுமுன், எல்லா சுவிட்சும் அணைந்திருக்கும்போது வோல்ட்டைப் பார்த்து ஒரு பள்ளி நோட்டில் தேதியோடு எழுதுங்கள். ஈயத்தில் 25.4 நிறைவு, 24.4 பாதி. அதற்குக் கீழே இரண்டு நாள் தொடர்ந்தால் மூன்றாம் நாள் ஜெனரேட்டரால் ஏற்றியே ஆக வேண்டும். ஒரு மாத நோட்டைப் பார்த்தாலே எந்தப் பக்கம் சரிகிறது என்று தெரிந்துவிடும். லித்தியத்தில் வோல்ட்டைப் பார்த்து நிலை சொல்ல முடியாது, 80-லும் 40-லும் ஏறக்குறைய ஒரே எண் வரும். அதற்கு ஷன்ட் மீட்டரின் சதவீதத்தை எழுதுங்கள்.

தண்ணீர்: மாதம் ஒருமுறை மூடி திறந்து பார்க்க வேண்டும். பேட்டரிக்கான டிஸ்டில்ட் வாட்டர் மட்டும். குழாய்த் தண்ணீர், மழைத் தண்ணீர், கடை மினரல் வாட்டர் எதுவும் ஆகாது. ஆசிட்டை ஒருபோதும் ஊற்றாதீர்கள், ஆவியானது தண்ணீர் மட்டும்தான். முழுக்க சார்ஜ் ஆனபின் ஊற்றுங்கள். முன்பே ஊற்றி நிறைத்தால் சார்ஜில் பொங்கி வழியும். தட்டு வெளியே தெரிகிறது என்றால் மட்டும் முதலில் தட்டு மூழ்கும் அளவுக்கு ஊற்றி, ஏற்றி, பிறகு மீதி.

ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் ஒன்று வாங்குங்கள், சின்ன விலைதான். ரப்பர் குமிழை அழுத்தி ஆசிட்டை இழுத்தால் உள்ளே மிதவை எழும். மிதவை கண்ணாடிச் சுவரில் ஒட்டாமல் நிற்கும்போது கண்ணை நேரே வைத்துப் படியுங்கள். நிறைந்த செல் 1.265 பக்கம் காட்டும். வெப்ப நாட்டுச் சரக்கில் 1.240, 1.250 என்று நிரப்பியிருப்பதும் உண்டு, அதனால் புதிதாக ஏற்றிய முதல் வாரத்திலேயே எல்லா செல்லையும் அளந்து நோட்டில் எழுதி வையுங்கள். பிறகு பார்க்க வேண்டியது செல்களுக்கு இடையே உள்ள வேறுபாடு. ஒரு செல் மற்றவற்றைவிட 0.030 பின்தங்கினால், நல்ல வெயில் நாளில் 30 முதல் 31 வோல்ட்டில் இரண்டு மூன்று மணி சமன்செய்யும் சார்ஜ் கொடுங்கள், கதவைத் திறந்து வைத்து, பக்கத்தில் இருந்து. இது தண்ணீர் ஊற்றும் வகைக்கு மட்டும். அதற்குப் பிறகும் 0.050 பின்தங்கி நின்றால் அந்த செல் முடிந்தது. அந்த பேட்டரியோடு ஒரு வருடம் பழகிய மற்றதற்குப் புது ஜோடி சேர்க்காதீர்கள். புதியது பழையதை இழுத்துக்கொண்டு தானும் சாகும்.

முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்தால் கேபிளைக் கழற்றி, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கைப்பிடி ஆப்பச் சோடா கரைத்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேயுங்கள். நுரை நிற்கும்வரை தேய்த்து, சுத்தத் தண்ணீரால் கழுவித் துடைத்து, இறுக்கி, வாஸ்லின் பூசுங்கள். சோடாத் தண்ணீர் ஒரு துளிகூட செல்லுக்குள் போகக்கூடாது, மூடிகள் இறுகி இருக்கட்டும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். ஆசிட் பட்டால் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள், கண்ணானால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.

லித்தியத்துக்கு வருடம் இருமுறை முனை இறுக்கம் பார்த்தால் போதும். மாதக்கணக்காகப் பூட்டிப் போகிறீர்களானால் 50, 60 சதவீதத்தில் நிறுத்தி, இன்வெர்ட்டரைக் கழற்றி வையுங்கள். ஈயத்தை நேர்மாறாக, நிறைய ஏற்றி, சார்ஜரோடு விட்டுப் போங்கள்.

10. பழையதைக் கொடுக்கும்போது

செத்த ஈய பேட்டரி மலேசியச் சட்டத்தில் எஸ்.டபிள்யூ.102 என்ற அட்டவணைக் கழிவு, அதாவது சட்டம் பட்டியலிட்ட அபாயக் கழிவு, 2005-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி. புதியது வாங்குகிற கடையிலேயே பழையதைக் கொடுத்து விலையில் கழிக்கச் சொல்வதுதான் சுலபம். எடைக்குக் காசு உண்டு, அதனால் பேச்சை எடையிலிருந்தே தொடங்குங்கள். ஆசிட்டைக் கொட்டிவிட்டு எடுத்து வா என்று சொல்கிற பழைய சாமான்காரரிடம் கொடுக்காதீர்கள். தோட்டத்துக் கால்வாயில் ஊற்றிய ஆசிட்டும் ஈயமும் அடுத்த மழைக்கு மாடு குடிக்கிற ஓடையில் இருக்கும். லித்தியம் என்றால் இரண்டு முனையையும் டேப்பால் மூடிய பிறகே காடியில் ஏற்றுங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்கி, அனுமதிக் கடிதமும் சீரியல் எண்ணும் இருக்கிற அதே கோப்பில் வையுங்கள்.